தன்மையில் ஒரு வாள்சண்டை

கணினி விளையாட்டுகளைப் பார்வைக் கோணத்தை வைத்து இரண்டாகப் பிரிப்பதுண்டு. நம் பாத்திரத்தை வெளியே நின்று பார்த்தபடி இயக்குவது ஒரு வகை. அதன் கண்கள் வழியாகவே உலகைப் பார்ப்பது இன்னொரு வகை. கதைசொல்லலில் படர்க்கை, தன்மை என்கிறோமே, அதே பாகுபாடுதான். 1993இல் வந்த 'டூம்' முதல் தன்மைப் பார்வையில் துப்பாக்கி விளையாட்டுகள் கோலோச்சி வருகின்றன. வாள் மட்டும் அங்கே இன்னும் தடுமாறுகிறது.

படர்க்கையில் கிடைத்தது

மெல்பர்ன் நகரின் பீம் சாஃப்ட்வேர் நிறுவனம் 1985இல் 'தி வே ஆஃப் தி எக்ஸ்ப்ளோடிங் ஃபிஸ்ட்' என்ற கராத்தே விளையாட்டை வெளியிட்டது. வடிவமைத்தவர் கிரெக் பார்னெட். கையில் ஒரு ஜாய்ஸ்டிக், அதில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். ஆனால் இரு வீரர்களும் பக்கவாட்டில் முழு உருவமாகத் தெரிந்தார்கள். எத்தனை அடி தள்ளி நிற்கிறோம், எதிரியின் கால் எப்போது எழுகிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. அடி துல்லியமாக விழுந்தால் முழுப் புள்ளி, இல்லையேல் அரைப் புள்ளி.

தன்மையில் இழப்பது

நெருங்கிப் போரிடுவதன் உயிர் இடைவெளியில் இருக்கிறது. சிலம்ப ஆசான் கம்பு வீச்சுக்கு முன்னே காலடி சொல்லித்தருவது அதனால்தான். தன்மைப் பார்வையிலோ நம் கால் நமக்கே தெரியாது. தட்டையான திரையில் ஒரு சாண் தூரத்தையும் ஒரு முழத்தையும் பிரித்தறிவது கடினம். தோட்டாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை, குறிபார்த்தால் போதும்.

இரண்டாவது இழப்பு, எதிர்ப்பு. வாள் கேடயத்தில் மோதினால் அதிர்ச்சி தோள்வரை ஏறும். சுட்டியை அசைக்கும் கைக்கு அது எட்டுவதில்லை.

சில விடைகள்

'மாரோவிண்ட்' (2002) விளையாட்டில் வாள் எதிரியின் உடலை ஊடுருவிப் போவது தெரியும், ஆனாலும் அடி விழாது. திரைக்குப் பின்னால் உருளும் பகடையே வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது. அடுத்து வந்த 'ஒப்லிவியன்' (2006) அந்தப் பகடையைக் கைவிட்டது. அதே ஆண்டின் 'டார்க் மெசையா' எதிரியை உதைத்துப் பள்ளத்திலும் முட்கம்பிகளிலும் தள்ள வைத்தது; சண்டைக்களமே ஆயுதமாயிற்று.

துருக்கியில் உருவான 'மவுண்ட் அண்ட் பிளேட்' (2008) வேறு வழியில் போனது. சுட்டியை நகர்த்தும் திசையில் வெட்டு விழும். தடுப்பவர் அதே திசையில் தடுக்க வேண்டும். எதிரியின் தோளைப் படிப்பதே இங்கு ஆட்டம். 'சிவல்ரி' (2012), 'மோர்டாவ்' (2019) ஆகியவற்றில் வெட்டின் நடுவே உடலைத் திருப்பி வீச்சை முந்தவோ பிந்தவோ செய்யலாம்.

ஒரு நாவலாசிரியரின் முயற்சி

இலக்கிய வாசகர்கள் அறிய வேண்டிய கதை 'க்ளாங்'. 'ஸ்னோ க்ராஷ்' (1992) நாவலில் வாள்வீரனாகிய நிரலாளனைப் படைத்த நீல் ஸ்டீஃபன்ஸன், மெய்யான வாள்கலைக்கு நேர்மையான விளையாட்டு வேண்டும் என்று 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். கை அசைவை அப்படியே உணரும் கருவி அதன் அடிப்படை. 2014இல் திட்டம் கைவிடப்பட்டது. முன்மாதிரி தொழில்நுட்பத்தில் புதுமையாக இருந்தும் ஆடுவதற்குச் சுவையாக இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

மெய்நிகர் கருவிகள் வந்தபின் இடைவெளிச் சிக்கல் பெரிதும் தீர்ந்தது. எதிர்ப்பு தீரவில்லை. திரையில் வாள் தடைபட்டு நிற்கும். நம் கை காற்றில் போய்க்கொண்டே இருக்கும். 2018இல் வந்த 'பீட் சேபர்' இதைச் சாமர்த்தியமாகத் தாண்டியது. அங்கே எதிரியே இல்லை. இசைக்கேற்ப வரும் கட்டைகளை ஒளிவாளால் வெட்ட வேண்டும், அவை வாளைத் தடுப்பதும் இல்லை.

வாளைப் பிசகின்றி நகலெடுப்பது வேறு, வாள் பிடித்தவனின் மனநிலையைத் தருவது வேறு. வென்ற விளையாட்டுகள் எல்லாம் இரண்டாவதைத்தான் தேடின. தன்மையில் எழுதப்பட்ட நல்ல கதையும் அதைத்தானே செய்கிறது?