ஆட்சி என்னும் அமானிதம்

மலேசிய நாடாளுமன்றத்தின் கீழவை 'டேவான் ராக்யாட்' என வழங்கப்பெறுகிறது. நாம் அதனை 'மக்களவை' என மொழிபெயர்த்துக்கொண்டு கடந்துவிடுகிறோம். மொழிபெயர்ப்பில் பிழையில்லை. எனினும் அவ்விரு சொற்களும் எவ்வழியாக இங்கு வந்து சேர்ந்தன என்று பார்த்தால், இசுலாமிய அரசியல் சிந்தனையின் நெடிய வரலாறு அவற்றுள் மடிந்து கிடப்பது புலனாகும்.

'டேவான்' என்பது பாரசீக வழிவந்த 'திவான்'. கலீஃபா உமர் காலத்தில் அது படைவீரர் முதலானோர்க்குரிய உதவித்தொகையைப் பதியும் ஏட்டைக் குறித்தது. பின்னர் அவ்வேடு இருந்த அலுவலகம் திவான் ஆயிற்று. இந்தியச் சமஸ்தானங்களில் அச்சொல் தலைமை அமைச்சரைக் குறித்தது. மலாயில் அவையைக் குறிக்கிறது. 'ராக்யாட்' அரபியின் 'ரஇய்யத்'. சென்னை மாகாண நிலவரி வரலாற்றைப் படிக்கும் மாணவர் மன்றோ காலத்து 'ரயத்துவாரி' முறையை அறிவர். அங்கு உழவனைக் குறிக்கும் 'ரயத்து'ம் இங்கு மக்களைக் குறிக்கும் 'ராக்யாட்'டும் ஒரு தாய் வயிற்றுச் சொற்களே.

'ரஇய்யத்' என்பதன் மூலப்பொருள் மேய்ப்பனின் காவலில் உள்ள மந்தை. மக்களை மந்தை என்பதா என இன்று நமக்குச் சினம் எழலாம். ஆனால் அச்சொல்லின் அழுத்தம் மந்தையின் மீதன்று, மேய்ப்பனின் மீது விழுகிறது. உங்களுள் ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் காவலில் உள்ளவற்றைப் பற்றி ஒவ்வொருவரும் வினவப்படுவர் என்னும் கருத்துடைய நபிமொழி இசுலாமிய உலகெங்கும் அறியப்பட்டது. மேய்ப்பன் ஆடுகளின் உடைமையாளன் அல்லன், கணக்குக் கொடுக்கவேண்டியவன். தமிழ் முசுலிம்கள் அன்றாடம் வழங்கும் 'அமானிதம்' என்னும் சொல் இதனையே சுட்டும். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் அமானிதம். ஆட்சியும் அத்தகைய அடைக்கலப் பொருள் என்பதே இச்சிந்தனையின் அடிமனை.

ஒப்படைத்தவர் யார்? இறைவனே என்பது சமயத்தின் விடை. எனினும் நடைமுறையில் மனிதர் கையும் இடையே வந்தது. 632இல் நபிகள் நாயகம் மறைந்தபின் மதீனாவில் பனூ சாயிதா குலத்தாரின் பந்தலில் கூடியோர் வாதிட்டு, இறுதியில் அபூபக்கரின் கைபற்றி உறுதி அளித்தனர். இவ்வுறுதிமொழிக்குப் 'பைஅத்' என்று பெயர். விற்றலைக் குறிக்கும் வேரிலிருந்தே இச்சொல் பிறந்தது. சந்தையில் கைமேல் கை வைத்து விலை முடிப்பதை நாமும் கண்டிருக்கிறோம். அதுபோல இருதரப்பும் இசைந்தாலன்றி நிறைவுறாத உடன்பாடு அது. தாம் நேர்வழி நிற்கும்வரை துணை நிற்குமாறும், வழுவினால் திருத்துமாறும் அபூபக்கர் தம் முதல் உரையில் வேண்டியதாகத் தொன்மையான வரலாறுகள் கூறுகின்றன. உமர் தமக்குப் பின்னவரைத் தாமே அமர்த்தாமல், அறுவர் கொண்ட குழுவிடம் விட்டார். 'ஷூரா' எனப்பட்ட அக்கலந்தாய்வின் வேரே மலாய் மொழியில் 'மெஷுவாராட்' ஆகி இன்று நம் பள்ளிக் கூட்டங்களுக்கும் பெயராயிற்று. அச்சொல் அத்துணை எடையுடையது என்பது பல கூட்டங்களில் அமர்ந்திருந்த நமக்கே தோன்றியதில்லை.

661இல் முஆவியா ஆட்சிக்கு வந்தார். தம் மகனுக்கே பைஅத் பெற்றார். சொல் நிலைத்தது, பொருள் தேய்ந்தது. வழுவினால் திருத்துவது யார், எவ்வாறு என்னும் வினா அப்பொழுது தொடங்கிப் பல நூற்றாண்டுகள் விடையின்றி நின்றது.

அவ்வினாவை முறையாக எடுத்துக்கொண்டவர் அல்மாவர்தீ. பஸராவில் பிறந்து நீதிபதியாகப் பணியாற்றி 1058இல் பக்தாதில் மறைந்தவர். அவர் வாழ்ந்த பக்தாதில் கலீஃபா இருந்தார். அதிகாரமோ 945 முதல் புவைஹிய அமீர்களின் கையில் இருந்தது. 1055இல் அவர்களை அகற்றி செல்ஜூக்கியத் துருக்கர் வந்தனர். இந்நிலையில் அவர் எழுதிய 'அல்அஹ்காம் அஸ்ஸுல்தானிய்யா' கலீஃபாப் பதவியை ஓர் ஒப்பந்தம் என்கிறது. சமயத்தைக் காத்தல், வழக்குத் தீர்த்தல், எல்லைகளை அரண் செய்தல், வரியை முறைப்படி தண்டுதல், நம்பத்தக்கோரைப் பணியில் அமர்த்தல் எனக் கடமைகள் பத்து எண்ணப்படுகின்றன. அவற்றை நிறைவேற்றுபவனுக்கே மக்கள் கீழ்ப்படிதலும் துணை நிற்றலும் கடன். நேர்மை குன்றியவன் பதவிக்குரிய தகுதியை இழக்கிறான். ஆனால் தகுதியிழந்தவனை இறக்கும் வழிமுறை நூலில் இல்லை. மேலும், வாள்வலியால் ஒரு மாநிலத்தைக் கைப்பற்றிய அமீரைக் கலீஃபா ஏற்று முறைப்படுத்தலாம் என்றும் ஓர் இடம் விடப்பட்டுள்ளது. இதனை அவரது சமரசம் என்பாருளர். தம்மைச் சூழ்ந்திருந்த உண்மையை மறைக்காமல், அதற்குள்ளும் சட்டத்தின் ஒரு நூலிழையையேனும் காக்க முயன்றார் என்பதே நம் கருத்து.

பின்வந்தோர் இன்னும் இறங்கினர். 1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்தனர். 1333இல் மறைந்த கெய்ரோ நீதிபதி இப்னு ஜமாஆ, வலியால் ஆட்சியைக் கவர்ந்தவனுக்கும் கீழ்ப்படிக, அவனை மற்றொருவன் வென்றால் அவனுக்குக் கீழ்ப்படிக என்னும் அளவுக்குச் சென்றார். கலகத்தைவிடக் கொடுங்கோல் மேல் என்னும் அச்சம் அதன் பின்னே நின்றது. இம்மாற்றத்தைச் 'சுல்தான்' என்னும் சொல்லும் காட்டும். குர்ஆனில் அது ஆளைக் குறிப்பதன்று. அதிகாரம், சான்று என்னும் பண்புப்பெயர். பதினோராம் நூற்றாண்டளவில் அப்பண்பு ஒரு மனிதனின் பட்டமாயிற்று. நம் மொழியிலோ 'அரசு' என்பது பண்டு அரசனையும் குறித்தது. இன்று ஆளை விட்டு அமைப்பை மட்டும் குறிக்கிறது. இரு சொற்களும் எதிரெதிர்த் திசையில் நடந்திருக்கின்றன.

இச்சொற்கள் கடல் கடந்து மலாய் உலகுக்கு வந்தபோது வினாவும் உடன் வந்தது. 'செஜாரா மெலாயு' எனப் பரவலாக அறியப்படும் 'சுலாலத்துஸ் ஸலாத்தீன்' இதற்குத் தலையாய சான்று. பலெம்பாங்கில் ஸ்ரீ திரி புவனாவும் டெமாங் லேபார் டாவுனும் செய்துகொண்ட உடன்படிக்கை அதில் வருகிறது. மன்னன் கொடியவனாயினும் குடிகள் 'டெர்ஹாகா' செய்யலாகாது. மன்னனும் குடிகளை இழிவுபடுத்தலாகாது. இழிவுபடுத்தினால் அவன் அரசு அழியும். 'டெர்ஹாகா' நம் 'துரோகம்' பிறந்த வடமொழி வேரினது. கொடியவனைக் குறிக்கும் 'ஸாலிம்' அரபி. இந்திய மரபும் இசுலாமிய மரபும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நிற்கின்றன. தண்டனையை மட்டும் மக்கள் கையில் தராமல் இறைவனிடம் விட்டுவிட்டது அவ்வுடன்படிக்கை.

அதன் விலையை அந்நூலே காட்டுகிறது. மலாக்காவின் பெண்டஹாரா துன் முத்தாஹிர், கெலிங் நாட்டிலிருந்து, அதாவது இந்தியக் கரையிலிருந்து, வந்த மணி புரிந்தான் என்பாரின் வழித்தோன்றல். பொய்க்குற்றச்சாட்டை நம்பிய சுல்தான் மஹ்மூது அவருக்கு மரண தண்டனை விதித்தபோது, அவர்தம் சுற்றத்தார் எதிர்த்துப் போரிட முனைந்தனர். மலாய்க்காரர் டெர்ஹாகா செய்யார் எனத் தடுத்து அவர் உயிர் துறந்தார். நெடுநாள் செல்லவில்லை, 1511இல் மலாக்கா போர்ச்சுகீசியரிடம் வீழ்ந்தது. உடன்படிக்கையின் பிற்பகுதி நிறைவேறியதாகவே நூலைப் படிப்பவர்க்குத் தோன்றும்.

மலாய்ப் பழமொழி ஒன்று வேறு குரலில் பேசுகிறது: நீதியுள்ள மன்னன் வணங்கப்படுவான், கொடிய மன்னன் எதிர்க்கப்படுவான். 1699இல் கோத்தா திங்கியில் ஜொகூரின் இரண்டாம் சுல்தான் மஹ்மூது கொல்லப்பட்டார். அவர் கொடுமைக்கு ஆளான மெகாட் ஸ்ரீ ராமா பழிவாங்கினார் என்பது வழக்கு. பெண்டஹாரா அப்துல் ஜலீல் அரியணை ஏறினார். எனினும் 'டவ்லத்' என்னும் மன்னர்க்குரிய புனித ஆற்றல் கொலையால் கைமாறுமா என்னும் ஐயம் மக்களிடம் அடங்கவில்லை. அரபியில் 'தவ்லத்' என்பதன் வேர்ப்பொருள் 'முறைமாறி வருதல்' என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம். 1718இல் சுமத்திராவின் சியாக்கிலிருந்து ராஜா கெச்சில் படையுடன் வந்தார். கொலையுண்ட மன்னனுக்கு அவன் இறந்தபின் பிறந்த மகன் தாமே என்றார். கடல்வாழ் மக்களாகிய ஓராங் லாவுட் பலர் அவர் பக்கம் சேர்ந்தனர். ஜொகூர் அவர் கைக்குப் போயிற்று.