தந்தைவழி ஐரோப்பா, தாய்வழி தொல்குடி: ஆன்டியோகியாவின் மரபணுச் சாட்சியம்

கொலம்பியாவின் வடமேற்கே மலைகள் நிறைந்த மாநிலம் ஆன்டியோகியா. அதன் தலைநகர் மெடெயின். 'பைசா' என அழைக்கப்படும் இப்பகுதி மக்களைக் கலப்பற்ற ஸ்பானிய வழித்தோன்றல்களாகவே மேட்டுக்குடியினரின் பெருமிதக் கதையாடல் நெடுங்காலம் சித்திரித்தது. 'ஆன்டியோகிய இனம்' என்னும் சொல்லாட்சியும் அதன் பகுதியே.

2000ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு அக்கதையைப் பொய்ப்பித்தது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும். மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு தாயிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும். ஆய்வுக்கு உட்பட்டோரின் தந்தைவழியில் சுமார் 94 விழுக்காடு ஐரோப்பிய மூலமும், தாய்வழியில் சுமார் 90 விழுக்காடு அமெரிக்கத் தொல்குடி மூலமும் காணப்பட்டன. இரு வழிகளிலும் ஆப்பிரிக்க மூலம் சிறிதளவு இருந்தது.

இந்த முரண் தற்செயலானதன்று. 16ஆம் நூற்றாண்டில் பொன் தேடி வந்த படையெடுப்பாளர்கள் பெரும்பாலும் ஆண்கள். தொல்குடிகளின் உழைப்பையும் திறையையும் அவர்களுக்கு உரிமையாக்கியது 'என்கோமியெண்டா' முறை. சுரங்கங்களில் உழைக்க ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். நிலமும் ஆயுதமும் சட்டமும் ஒரு தரப்பின் கையில் இருந்தபோது, தொல்குடிப் பெண்ணின் சம்மதத்திற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? பின்வந்த தலைமுறைகளிலும் ஐரோப்பிய ஆண்களே வந்து கலந்ததால், ஒட்டுமொத்த மரபணுவில் ஐரோப்பியப் பங்கு மேலோங்கியது. தாய்வழித் தடம் மட்டும் அழியவில்லை.

காலனிய அரசு மக்களைக் 'காஸ்தா'க்களாகத் தரம்பிரித்தது. பதவிக்கும் மதிப்புக்கும் 'இரத்தத் தூய்மை' தகுதியாக்கப்பட்டது. ஆங்கிலத்தில் சாதியைக் குறிக்கும் 'காஸ்ட்' என்னும் சொல்லும் இதே ஐபீரிய வேரிலிருந்து பிறந்ததே. தூய்மை பேசிய வரலாறு மறைத்த அந்த அன்னையரின் மரபு, இன்றும் பைசா இல்லங்களின் அன்றாட உணவான மக்காச்சோள 'அரேப்பா'வில் தொடர்கிறது.

ஆயினும், 'நாம் அனைவரும் கலப்பினரே' என்னும் வாதம் இன்றைய தொல்குடிகளின் தனியுரிமையை மறுக்கும் கருவியாகிவிடக் கூடாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கை, மக்கள் தம்மைத் தொல்குடிகளாக அடையாளம் காண்பதையே அடிப்படை அளவுகோலாகக் கொள்கிறது. கொலம்பியா அதனை 1991இல் ஏற்றது. அதே ஆண்டின் அரசமைப்புச் சட்டமும் இன, பண்பாட்டுப் பன்மையை அங்கீகரிக்கிறது. ஆன்டியோகியாவில் வாழும் எம்பெரா, செனூ மக்களின் நிலவுரிமைக்கு அவர்களின் சமூக வாழ்வும் தன்னடையாளமுமே அடிப்படை. மரபணு ஆய்வு கடந்தகால அநீதிக்குச் சாட்சியாகலாம். எவருக்கு உரிமை உண்டு எனத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.