பழைய சர்வரில் குடியேறிய புதிய விதி

பென் டிரைவைச் செருகலாம், உள்ளே இருப்பதைப் படிக்கலாம். கம்ப்யூட்டரிலிருந்து எதையும் அதில் ஏற்ற முடியாது. இந்த விதி ஓசூர் சிப்காட், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து உதிரிபாகக் கம்பெனிகளுக்குச் சின்ன விஷயமில்லை. வண்டி கம்பெனிகள் நம்பிக் கொடுக்கும் டிராயிங்கை வைத்துத்தான் அவர்களுக்குத் தொழில். ஒரு டிராயிங் வெளியே போனால் ஆர்டரும் போய்விடும்.

எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் குரூப் பாலிசியில் இந்த விதி வந்தது விண்டோஸ் விஸ்டாவோடு, 2006 கடைசியில். அதைச் சுமந்து வந்தது ஏடிஎம்எக்ஸ் என்ற புதுவகைக் கோப்பு. நெட்வொர்க்கை நடத்திக்கொண்டிருந்த விண்டோஸ் சர்வர் 2003-க்கோ ஏடிஎம் என்ற பழைய வகைதான் தெரியும். புது டெஸ்க்டாப் வாங்கிய கையோடு சர்வரையும் மாற்றச் சொல்லி எந்தச் சிறு முதலாளியிடம் போய் நிற்பது?

மாற்றவே வேண்டியதில்லை. விஸ்டா கணினியின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் பாலிசிடெஃபனிஷன்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதை அப்படியே காப்பி செய்து, சர்வரின் சிஸ்வால் என்ற பொது ஃபோல்டரில் பாலிசீஸ் என்ற இடத்துக்குள் போட்டால் போதும். முன்பெல்லாம் ஒவ்வொரு பாலிசியும் தனக்கென்று ஏறக்குறைய 4 எம்பி ஏடிஎம் கோப்புகளைச் சுமந்தது. 50 பாலிசி என்றால் 200 எம்பி, அதுவும் டொமைன் கன்ட்ரோலர் எனப்படும், நெட்வொர்க்கை நடத்தும் ஒவ்வொரு சர்வரிலும். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே பிரதி. சர்வருக்கு அது வெறும் ஃபோல்டர், பத்திரமாக வைத்திருந்தால் சரி. இவ்வளவு எளிமையாக இதை யோசித்தவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

விஸ்டா கணினியில் உட்கார்ந்து விதியை இயக்கினால், அது சிஸ்வாலில் ரெஜிஸ்ட்ரி.பால் என்ற கோப்பில் பதிவாகிறது. டெஸ்க்டாப்புகள் ஆன் ஆகும்போதும், பிறகு 90 நிமிடத்துக்கு ஒருமுறையும் வந்து எடுத்துக்கொள்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடிக்காமல் இருக்க, ஒவ்வொன்றும் 30 நிமிடம் வரை தாமதம் சேர்த்துக்கொள்ளும். கடைசியில் கணினியின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் டினை ரைட் என்ற பெயருக்கு நேரே 1 என்ற எண் விழுகிறது. விதி சேர வேண்டிய இடம் அதுதான்.

வழியில் ஒரு ஆபத்து உண்டு. இதே பாலிசியைச் சர்வர் 2003-இலிருந்தே எடிட் செய்யத் திறந்தால் அந்த விதி கண்ணில் படாது. ரிப்போர்ட்டில் மட்டும் ‘எக்ஸ்ட்ரா ரெஜிஸ்ட்ரி செட்டிங்ஸ்’ என்ற தலைப்பில் புரியாத எண்களோடு நிற்கும். விவரம் தெரியாதவர் குப்பை என்று நினைத்து பாலிசியையே தூக்கிவிடக்கூடும். ஆகவே எடிட்டிங் எப்போதும் புதிய கணினியிலிருந்துதான் நடக்க வேண்டும்.

சர்வர் 2003-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2015 ஜூலை 14-இல் முடிந்தது. அதே டொமைனில் புது சர்வரை டொமைன் கன்ட்ரோலராகச் சேர்த்தபோது ஃபோல்டரும் விதியும் தாமாகவே அங்கே போய்ச் சேர்ந்தன.

என் கவலை விஸ்டாவுக்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளைப் பற்றித்தான். சிஎன்சி மெஷினுக்குப் பக்கத்தில், வேறெதிலும் ஓடாத ஒரு சாஃப்ட்வேருக்காகவே அவை உயிரோடு இருக்கின்றன. விதி அங்கேயும் போய் ரெஜிஸ்ட்ரியில் உட்காரும், ஆனால் எக்ஸ்பிக்கு அதைப் படிக்கத் தெரியாது. கையால் ஒரு ஏடிஎம் எழுதி, பென் டிரைவை இயக்கும் யுஎஸ்பிஸ்டோர் சர்வீஸின் ஸ்டார்ட் மதிப்பை 4 ஆக்கினால் பென் டிரைவ் முழுவதுமாக அடைபடும். மெஷினுக்கான புரோகிராமே பென் டிரைவில்தான் வருகிறது என்றால் அதுவும் உதவாது. அந்தக் கணினிகளை டிராயிங் இருக்கும் ஷேர் பக்கமே விடாமல் தனியாகப் பிரித்து வைப்பதே பாதுகாப்பான வழி.