குழந்தைப் பால்மாவும் குழாய் நீரும்: கொதிக்க வைத்தால் மட்டும் போதுமா?

"கொதித்தாறிய தண்ணீரில்தானே பால்மா கரைக்கிறோம், பிறகென்ன பயம்?" என்று தாய்மார் பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இதில் கிருமிகள் வேறு, இரசாயனங்கள் வேறு.

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது, தண்ணீர்கூடத் தேவையில்லை. தாயின் சுகயீனம் போன்ற காரணங்களால் பால்மா தவிர்க்க முடியாமற் போகும் வீடுகளுக்கே இக்குறிப்பு.

முதலாவது, கிருமிகள். குளோரின் இடப்பட்ட குழாய் நீரும் வீட்டுத் தாங்கியில் தேங்கி மாசடையலாம். ஆகவே கொதிக்க வைப்பது கட்டாயம். ஆனால் பால்மாவும் கிருமியற்றதல்ல என்பதைப் பலர் அறிவதில்லை. குரோனோபெக்டர், சல்மொனெல்லா ஆகிய பக்டீரியாக்கள் திறக்காத டின்னுக்குள்ளும் இருக்கக்கூடும். பிறந்து இரண்டு மாதமாகாத, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குக் குரோனோபெக்டர் மூளைக்காய்ச்சலை ஏற்படுத்தி உயிரையே பறிக்கலாம். ஆறிய நீரில் இவை சாவதில்லை.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு வழிகாட்டல், 70 பாகை செல்சியஸுக்குக் குறையாத நீரில் மாவைக் கரைக்கச் சொல்கிறது. கொதித்த நீரை 30 நிமிடங்களுக்கு மேல் ஆறவிடாதீர்கள். கரைத்த பின் மூடிய போத்தலைக் குளிர்ந்த நீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்த பின்னரே கொடுங்கள். 2 மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்காத பாலை ஊற்றிவிடுங்கள். மா விலை கூடுகிறதென்று கரண்டியளவைக் குறைத்தால் குழந்தைக்குப் போசாக்குக் குறையும்.

இரண்டாவது, கொதித்தாலும் நீங்காத இரசாயனங்கள். நீர் ஆவியாகும்போது இவற்றின் செறிவு கூடவே செய்யும். கற்பிட்டியிலும் யாழ். குடாநாட்டிலும் தோட்டங்களுக்கு இடும் உரத்தால் பல கிணறுகளில் நைத்திரேற்று அதிகம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிய நீரில் பால் கரைத்தால், குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழந்து உதடும் நகமும் நீலமாகலாம். அப்படிக் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அனுராதபுரம் போன்ற உலர் வலயப் பகுதிகளில் புளோரைட்டும் ஒரு பிரச்சினை.

எனவே கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் கைக்குழந்தைக்குப் பால் கரைக்க வேண்டாம். அப்பகுதிகளில் சுத்திகரிக்கப்பட்ட குழாய் நீரே பாதுகாப்பானது. அதையும் கொதிக்க வைத்தே பயன்படுத்துங்கள். சந்தேகமிருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.