மாடும் கல்வியும்

தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருளுண்டு. கல்வி அதிகாரத்தின் இறுதிக் குறளில் கல்வியே கேடற்ற செல்வம் என்று நிறுவி, ஏனையவற்றைச் செல்வமல்ல என்று ஒதுக்குமிடத்து வள்ளுவப் பெருந்தகை இச்சொல்லையே ஆண்டிருத்தல் நாம் அறிந்ததே. ஏரும் வண்டியும், பாலும் எருவும் மாட்டையே நம்பியிருந்த சமுதாயம் செல்வத்துக்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை. ஆயின் அச்செல்வம் பத்தே நாளில் அழியக் கூடியதாயிருந்தது. அழித்த நோய்களுள் கொடியது வெக்கை நோய். கேடுறும் அச்செல்வத்தைக் கேடற்ற செல்வமாகிய கல்வி எங்ஙனம் காத்தது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெக்கை நோய் கண்ட மாட்டுக்குக் கடுங்காய்ச்சல் வரும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாயெல்லாம் புண்ணாகும், கழிச்சல் கண்டு சில நாள்களில் மாடு மடியும். முன்னர் இந்நோய் காணாத மந்தைகளில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு மாடுகள் இறந்ததுண்டு. 1887-ஐ ஒட்டி இந்நோய் கிழக்கு ஆப்பிரிக்காவில் புகுந்தபோது, உழவுமாடுகளை இழந்த எத்தியோப்பியா கொடும் பஞ்சத்துக்கு இரையாயிற்று. மாடு செத்தால் மனிதனும் சாவான் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

இந்நோயே கால்நடை மருத்துவக் கல்விக்குக் காரணமாயிற்று என்பது வியப்புக்குரியது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஏறத்தாழ 20 கோடி மாடுகள் வெக்கையால் மடிந்தன என்பர். போப்பாண்டவரின் மருத்துவரான லான்சிசி என்பார், நோயுற்ற மாடுகளைக் கொன்று புதைத்தல், மந்தைகளின் நடமாட்டத்தைத் தடுத்தல் முதலிய விதிகளை வகுத்துத் தந்தார். விதி இருந்தால் மட்டும் போதுமா? நோயைக் கண்டறியக் கற்றவர் வேண்டுமே! பிரான்சு நாட்டு லியோன் நகரில் குதிரையேற்றப் பயிற்சிக் கழகத்தை நடத்தி வந்த குளோது பூர்ழெலா, 1761-இல் அரசாணை பெற்று, 1762-இல் உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அதுகாறும் இலாடக்காரரிடமும் மந்தை மேய்ப்போரிடமும் வாய்மொழியாக வழங்கிய அறிவு, அன்றுமுதல் வகுப்பறையில் கற்பிக்கப்படும் கலையாயிற்று.

நம் நாட்டில் என்ன நிகழ்ந்தது? வெக்கை கண்டால் ஊர்த் தெய்வத்துக்குப் பொங்கலிடுதலும், மந்தையை வேற்றூருக்கு ஓட்டிச் செல்லுதலுமே உழவர் அறிந்த வழிகள். ஓட்டிச் சென்ற மந்தையோடு நோயும் சென்றது. ஹாலன் என்பார் தலைமையில் அமைந்த கால்நடைக் கொள்ளைநோய் ஆணையத்தின் அறிக்கை 1871-இல் வெளியாயிற்று. நில வருவாய் குன்றுமோ என்பதே அன்றைய அரசின் முதற் கவலை எனினும், அக்கவலையிலிருந்தே நன்மையும் விளைந்தது. 1889-இல் பூனாவில் நுண்ணுயிர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று தோன்றியது. ஆல்பிரட் லிங்கார்டு அதன் பொறுப்பேற்றார்.

கொடிய தொற்றுநோயை ஆராயும் கூடம் மந்தைகள் நிறைந்த சமவெளியில் இருத்தல் தகாது. ஆதலின் 1893-இல் அது குமாவுன் மலையில், ஏறத்தாழ 7,500 அடி உயரத்திலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. செருமானிய அறிஞர் இராபர்ட் காக் 1897-இல் அங்கு வந்தார். 1899 முதல் வெக்கைக்கு எதிரான ஊனீர், அதாவது சீரம், அங்கு ஆக்கப்பட்டது. எனினும் அது தந்த காப்பு சின்னாட்களே நின்றது. 1920-களில் எட்வர்ட்ஸ் என்பார் நோய்க் கிருமியை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு மீண்டும் மீண்டும் செலுத்தி, அதன் கொடுமையைக் குறைத்தார். அவ்வாறு தணிந்த கிருமியே மாட்டுக்கு நீண்டகாலக் காப்பளிக்கும் தடுப்பு மருந்தாயிற்று. வடபுலத்தில் பணி நிமித்தம் வந்து வாழும் தமிழராகிய நாம், கோடை விடுமுறையில் நைனிடால் சென்று பனிமலை கண்டு திரும்புகிறோம். அருகிலுள்ள முக்தேசுவரத்தின் பெருமையை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

மருந்து இருந்தும் அதைக் கொண்டு செல்லக் கற்றவர் வேண்டும். லாகூரில் 1882-இலும், பம்பாயில் 1886-இலும் கல்விச்சாலைகள் எழுந்தன. சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று 20 மாணவருடன் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1930-களின் நடுவில் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்நாட்டில் இத்துறையில் பட்டம் வழங்க வழிகாட்டிற்று. 1989-இல் தமிழ்நாட்டில் எழுந்த கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே இத்துறைக்கென இந்தியாவில் அமைந்த முதற் பல்கலைக்கழகம் என்பது நமக்குப் பெருமை தருவதன்றோ?

விடுதலைக்குப் பின் 1954-இல் வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. நூற்றுக்கு எண்பது மாடுகளுக்கு ஊசி போடுவதென இலக்கு வகுத்தனர். நோய் பெரிதும் குறைந்தது, அழியவில்லை. விடுபட்ட மந்தைகளிலும், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் கால்நடை வாணிகத்திலும் அது ஒளிந்து வாழ்ந்தது. கென்யாவில் வால்டர் பிளௌரைட் உருவாக்கிய, எவ்வகை மாட்டுக்கும் தீங்கிழைக்காத திசு வளர்ப்புத் தடுப்பூசி பேருதவி புரிந்தது. இறுதியாக இந்தியாவில் இந்நோய் கண்டது 1995-இல், தமிழ்நாட்டில்.

இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடும் பகுதி இதன் பின்னரே வருகிறது. நோய் ஒழிந்ததென்று மெய்ப்பிக்க வேண்டுமாயின் ஊசியை நிறுத்த வேண்டும்; ஊசி போட்ட மாட்டின் இரத்தமும் நோய் கண்டு பிழைத்த மாட்டின் இரத்தமும் ஆய்வில் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலின் காப்பை நீக்கிவிட்டு, ஊர் ஊராகச் சென்று, இல்லாத நோயைத் தேடினர். கோப்புகளிடையே காலம் கழிக்கும் நம்மனோர் 'இன்மை அறிக்கை' என்றால் இகழ்ச்சியாக நோக்குவதுண்டு. கால்நடை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதியனுப்பிய அத்தகைய அறிக்கைகளே 2006-இல் இந்தியா வெக்கையற்ற நாடென அறிவிக்கப்படச் சான்றாயின. 2011-இல் உலகமே அந்நோயினின்று விடுபட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் முற்றும் ஒழித்த நோய் இஃதொன்றே.

பெரியம்மை ஒழிந்ததை உலகு கொண்டாடியது. வெக்கை ஒழிந்ததை உழவரும் அறியாமலே மறந்தனர். மறத்தல் நன்றன்று. 2022-இல் தோல் கழலை நோய் இராசத்தான், குசராத்து முதலிய மாநிலங்களில் பரவி, நாடெங்கும் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளைக் கொண்டுபோயிற்று. அதற்குத் தடுப்பு மருந்து கண்டவருள் முக்தேசுவரத்தில் வேரூன்றி இசத்நகரில் கிளைத்த அந்நிறுவனத்தாரும் அடங்குவர்.

நம் பிள்ளைகள் மனித மருத்துவப் படிப்புக்கு இடம் கிட்டாதபோதே மாட்டு வைத்தியம் என்று சற்றுத் தாழ்ந்த குரலில் பேசுகிறோம். 250 ஆண்டு வரலாற்றை அறிந்த பின்னும் அக்குரல் தாழலாமா? மாடாகிய செல்வத்தை மதித்தவர் நம் முன்னோர். அதனைக் காக்கும் கல்வியையும் மதித்தல் நம் கடன்.