தண்ணீரும் பொறுமையும்

மலச்சிக்கலைப் பற்றிப் பிறரிடம் பேச நமக்குக் கூச்சம். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் திருமணப் பந்தியில்கூட எண்களோடு ஒப்பிட்டுப் பேசுகிற நாம், இதை மட்டும் மருந்துக் கடையில் தாழ்ந்த குரலில் கேட்கிறோம். கடைக்காரரும் ஒரு புட்டியைத் தாளில் சுற்றித் தந்துவிடுகிறார். கேள்வியும் இல்லை; விளக்கமும் இல்லை. அந்த மௌனத்துக்கு நான் ஒருமுறை விலை கொடுக்க நேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வலி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்ததில் நான்கு நாள்கள் மலம் கழியவில்லை. 'லேக்டுலோஸ்' என்னும் இனிப்பான திரவ மருந்தை இரவில் 15 மி.லி. அருந்தச் சொன்னார்கள். மறுநாள் காலையில் பலன் இல்லை. மருந்துக்கு வலு போதாது என்று நானே முடிவு செய்து, காலையில் 30 மி.லி., இரவில் 30 மி.லி. குடித்தேன். இரவில் ஊன்றுகோலுடன் எழுந்து நடக்க அஞ்சி, மாலைக்குப் பிறகு தண்ணீர் அருந்துவதையும் நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விடிவதற்குள் ஐந்தாறு முறை வயிற்றுப்போக்கு. குளியலறை வாசலில் தலைசுற்றித் தடுமாறினேன். மனைவி தாங்கிப் பிடித்திராவிட்டால் புதிய மூட்டுடன் தரையில் விழுந்திருப்பேன்.

பொருளாதாரம் கற்பித்தவன் செய்யக் கூடாத பிழை அது. ரிசர்வ் வங்கி இன்று வட்டி விகிதத்தை மாற்றினால் அதன் விளைவு முழுமையாகத் தெரியப் பல மாதங்கள் ஆகும் என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லி வந்தவன் நான். பலன் தெரியவில்லையே என்று அடுத்தடுத்து நடவடிக்கை எடுத்தால், எல்லாவற்றின் விளைவும் ஒருசேர வந்து தாக்கும். என் வயிற்றில் நடந்ததும் அதுவே.

நம் குடலுக்குள் ஒரு நாளில் வந்து சேரும் நீர்மம் ஏறத்தாழ 9 லிட்டர். உண்பதாலும் பருகுவதாலும் வருவது சுமார் 2 லிட்டர். மீதி, உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் என உடலே சுரப்பது. இதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்கிறது. ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் பெருங்குடலை அடைகிறது. அங்கும் உறிஞ்சியது போக, மலத்துடன் வெளியேறுவது 100 முதல் 200 மி.லி. மட்டுமே. மலம் பெருங்குடலில் நெடுநேரம் தங்கினால் இருக்கும் ஈரமும் வற்றி இறுகிவிடுகிறது.

மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவிவைத்தால் சற்று நேரத்தில் நீர் விடுகிறது. அடர்த்தி மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் நகரும் இந்த இயல்பே பள்ளியில் நாம் படித்த 'சவ்வூடு பரவல்'. குடல் எளிதில் உறிஞ்சாத ஒரு பொருளை உள்ளே அனுப்பினால், அது நீரைத் தன்னிடம் ஈர்த்தும் தக்கவைத்தும் மலத்தை இளக்கும். நிலாவரை இலையிலிருந்து எடுக்கப்படும் மருந்துகள் குடலின் அசைவைத் தூண்டுபவை. சவ்வூடு பரவல் முறையில் செயல்படும் மருந்துகளோ குடலை விரட்டுவதில்லை; நீரைக் காக்கின்றன. எனவேதான் அவற்றுக்குத் தண்ணீரும் பொறுமையும் வேண்டும்.

இவ்வகையில் மூன்று மருந்துகள் பரவலாக விற்கப்படுகின்றன. லேக்டுலோஸ் ஒரு செயற்கைச் சர்க்கரை. அதை நம் செரிமான நொதிகள் பிரிப்பதில்லை. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்களே நொதிக்கச் செய்கின்றன. அதனால் தொடக்கத்தில் வயிறு உப்பும், வாயு பிரியும். பலன் தெரிய 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். பெரியவர்களுக்குத் தொடக்க அளவு வழக்கமாக நாளொன்றுக்கு 15 முதல் 30 மி.லி. தண்ணீர், பால், பழச்சாறு ஆகியவற்றுடன் கலந்தும் அருந்தலாம்.

இரண்டாவது, 'பாலிஎத்திலீன் கிளைகால்' என்னும் தூள். பெரியவர்களுக்கு வழக்கமாக 17 கிராம் தூளை ஒரு தம்ளர் நீரில் முழுமையாகக் கரைத்து நாளுக்கு ஒருமுறை அருந்த வேண்டும். ஒன்று முதல் மூன்று நாள்களில் பலன் தரும். வாயுத் தொல்லை குறைவு.

மூன்றாவது, 'மில்க் ஆஃப் மெக்னீசியா' என்னும் வெண்ணிறத் திரவம். பேதி உப்பு எனப்படும் எப்சம் உப்பும் மெக்னீசியச் சேர்மமே. இது அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வேலை செய்துவிடும் என்பதால் பயணத்துக்கு முன் அருந்தலாகாது. சிறுநீரகம் பழுதுற்றவர்களின் உடலில் மெக்னீசியம் தேங்கி ஆபத்தாகும்; அவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது. இரும்புச்சத்து, தைராய்டு மாத்திரைகளையும் சில நுண்ணுயிர்க்கொல்லிகளையும் இத்துடன் சேர்த்து விழுங்கினால் அவை சரிவர உடலில் சேரா. எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கேட்டறிவது நல்லது.

எதை அருந்தினாலும் சமையலறைக் கரண்டியால் அளக்காமல், புட்டியுடன் தரும் அளவுக் குவளையால் அளக்க வேண்டும். பகல் முழுவதும் போதிய தண்ணீர் பருக வேண்டும். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் மருத்துவர் சொல்லும் அளவை மீறக் கூடாது. சிறுநீர் பிரியும் மாத்திரை உட்கொள்ளும் முதியவர்களுக்கு வயிற்றுப்போக்கால் உடல் வறண்டு, பொட்டாசியமும் குறையக்கூடும். மலம் நீர்த்துப் போனால் மருந்தை நிறுத்திவிட வேண்டும். குழந்தைகளுக்கான அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிறு உப்பி வாயுவும் பிரியாமை ஆகியவை குடல் அடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது மலமிளக்கி தீங்கே செய்யும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமற்ற எடைக் குறைவு, 50 வயதுக்கு மேல் மலம் கழிக்கும் வழக்கத்தில் திடீர் மாற்றம் ஆகியவற்றையும் மருந்தால் மூடி மறைக்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் மலமிளக்கி தேவைப்பட்டாலும் மருத்துவரைக் காண்பதே முறை.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமல் இருப்பதைத் 'தகவல் சமமின்மை' என்பர் பொருளாதார அறிஞர்கள். மருத்துவத்தில் அந்தச் சமமின்மை உடலையே தாக்குகிறது. அதைக் குறைக்கப் பெரிய திட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. புட்டியைத் தரும்போதே எவ்வளவு தண்ணீருடன் அருந்துவது, எத்தனை நாளில் பலன் தெரியும், எப்போது நிறுத்துவது என்ற மூன்று செய்திகளை மருந்தாளுநர் தமிழில் சொன்னால் போதும். அவர் சொல்லாவிட்டால், கூச்சத்தை விட்டு நாம் கேட்க வேண்டும். நான் கேட்டிருந்தால் அந்த விடியற்காலை அவ்வாறு விடிந்திராது.

கட்டுரையாளர்:
பேராசிரியர் (ஓய்வு).