போனஸ் வந்த மாசம் கல்விக்கடன் பிடித்தம் எகிறுவது ஏன்? பிரிட்டன் கணக்கு இதுதான்!

மாதாமாதம் வரும் சம்பளத்தில் கல்விக்கடனுக்காக ஒரு பவுண்டு கூட பிடிக்கவில்லை. போனஸ் வந்த மாதம் மட்டும் 100 பவுண்டுக்கு மேல் காணோம். பிரிட்டனில் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்தவர்களைக் குழப்பும் விஷயம் இது. கம்பெனி தப்பா பிடிச்சிடுச்சா? இல்லை. ஆனால் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கலாம். விவரமாகப் பார்ப்போம்.

யாருக்கு இது பொருந்தும்?

பிரிட்டன் அரசின் கல்விக்கடன் வாங்கிப் படித்தவர்களுக்கு. அங்கேயே குடியேறிய இலங்கை, இந்தியத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இதில் வருவார்கள். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஸ்டூடன்ட் விசாவில் போய்ப் படிப்பவர்களுக்குப் பொதுவாக இந்தக் கடன் கிடையாது.

நம்ம ஊர் வங்கிக் கடன் மாதிரி இதில் இ.எம்.ஐ. என்று ஒரு நிலையான தொகையும் கிடையாது. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள். தாண்டவில்லை என்றால் பிடித்தமே இல்லை. சம்பளம் போடும்போதே கம்பெனி பிடித்து வரித்துறைக்கு அனுப்பிவிடும்.

வரம்பு எவ்வளவு?

எப்போது, எங்கே படித்தீர்கள் என்பதைப் பொறுத்து 'பிளான்' மாறும். 2025-26 நிதியாண்டின் ஆண்டு வரம்புகள்:

* பிளான் 1 (வட அயர்லாந்து, 2012 செப்டம்பருக்கு முன் படிப்பைத் தொடங்கிய இங்கிலாந்து, வேல்ஸ் மாணவர்கள்): 26,065 பவுண்டு
* பிளான் 2 (2012 செப்டம்பர் முதல் 2023 ஜூலை வரை தொடங்கிய இங்கிலாந்து மாணவர்கள், 2012 செப்டம்பர் முதல் தொடங்கிய வேல்ஸ் மாணவர்கள்): 28,470 பவுண்டு
* பிளான் 4 (ஸ்காட்லாந்து): 32,745 பவுண்டு
* முதுநிலைக் கடன்: 21,000 பவுண்டு. இதற்கு மட்டும் 6 சதவீதம்

2023 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்தில் படிப்பைத் தொடங்கியவர்கள் பிளான் 5. அவர்களுக்கான வரம்பு 25,000 பவுண்டு. பிடித்தம் தொடங்குவது 2026 ஏப்ரலில்.

போனஸ் மாசத்துல என்ன நடக்குது?

இங்கதான் சிக்கல். வருமான வரியை, ஆண்டுத் தொடக்கத்திலிருந்து வந்த மொத்த வருமானத்தைக் கூட்டிப் பார்த்து மாதாமாதம் சரிசெய்வார்கள். கல்விக்கடனுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு சம்பளமும் தனிக் கணக்கு. போன மாதம் எவ்வளவு வந்தது, அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்பதையெல்லாம் பார்ப்பதே இல்லை.

பிளான் 2-வின் 28,470 பவுண்டை 12-ஆல் வகுத்தால் மாத வரம்பு சுமார் 2,372 பவுண்டு. ஒரு மாதம் சம்பளமும் போனஸும் சேர்ந்து இதைத் தாண்டினாலே 9 சதவீதம் போய்விடும்.

மூன்று உதாரணங்கள் (பிளான் 2)

1) மாதச் சம்பளம் 2,200 பவுண்டு, டிசம்பரில் போனஸ் 1,500 பவுண்டு. அந்த மாதம் மட்டும் வருமானம் 3,700. பிடித்தம் 119 பவுண்டு. ஆனால் ஆண்டு மொத்த வருமானம் 27,900 தான். வரம்புக்கும் கீழே. அதனால் 119 பவுண்டையும் திரும்பக் கேட்கலாம்.

2) மாதச் சம்பளம் 2,300 பவுண்டு, போனஸ் 3,000 பவுண்டு. போனஸ் மாதத்தில் 263 பவுண்டு பிடிப்பார்கள். ஆண்டு வருமானம் 30,600. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சுமார் 191 பவுண்டுதான் பிடித்திருக்க வேண்டும். கூடுதலாகப் போன சுமார் 70 பவுண்டு திரும்ப வருமா? வராது. ஆண்டு வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதால் ரீஃபண்ட் கிடையாது. அந்தத் தொகை கடன் பாக்கியில் கழியும், அவ்வளவுதான்.

3) மாதச் சம்பளம் 3,000 பவுண்டு, போனஸ் 1,000 பவுண்டு. சம்பளமே வரம்பைத் தாண்டிவிட்டதால் போனஸ் முழுவதுக்கும் 9 சதவீதம், அதாவது 90 பவுண்டு. இங்கிலாந்தில் இதோடு வருமான வரி 200, நேஷனல் இன்சூரன்ஸ் 80. ஆக, 1,000 பவுண்டு போனஸில் கைக்கு வருவது 630 பவுண்டு. போனஸை நம்பி விமான டிக்கெட் போடுபவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

பிடித்த பணத்தை எப்படித் திரும்பப் பெறுவது?

பிரிட்டனில் நிதியாண்டு ஏப்ரல் 6-ல் தொடங்கி ஏப்ரல் 5-ல் முடியும். முடிந்ததும் கம்பெனி தரும் 'பி60' படிவத்தில் அந்த ஆண்டின் மொத்தச் சம்பளம் இருக்கும். அது உங்கள் பிளானின் வரம்புக்குக் கீழே இருந்து, கடன் பிடித்தமும் நடந்திருந்தால், ஸ்டூடன்ட் லோன்ஸ் கம்பெனியிடம் ஆன்லைன் கணக்கு வழியாகவோ போனிலோ கேட்கலாம். முந்தைய ஆண்டுகளுக்கும் கேட்கலாம். சம்பளம் கொடுக்கும் கம்பெனியிடம் கேட்டுப் பயனில்லை. பணம் அவர்களிடம் இருக்காது.

சம்பளச் சீட்டில் பிளான் எண் சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிளான் 2 ஆள் ஒருவரை பிளான் 1-ல் போட்டிருந்தால், குறைந்த வரம்பிலிருந்தே பிடித்தம் ஆரம்பித்துவிடும். அப்படிப் போன கூடுதல் பணத்தையும் திரும்பக் கேட்கலாம்.

ரீஃபண்ட் வாங்குவது லாபமா?

ஆளுக்கு ஆள் மாறும். ரீஃபண்ட் வாங்கினால் அந்த அளவுக்குக் கடன் பாக்கி ஏறும், வட்டியும் ஓடும். கடனைச் சீக்கிரம் அடைத்துவிடக்கூடிய சம்பளம் இருப்பவர்கள், பணத்தைக் கடனிலேயே விட்டுவைக்கலாம். ஆனால் பிளான் 2-வில் 30 ஆண்டுகளுக்குப் பிறகு மீதிக் கடன் தள்ளுபடியாகிவிடும். பிளான் 5-ல் அது 40 ஆண்டு. தள்ளுபடி வரை கடன் அடையாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, கேட்காமல் விட்ட ரீஃபண்ட் நஷ்டம்தான்.

பிடித்தத்தைக் குறைக்க வழி இருக்கா?

சட்டப்படி ஒரு வழி உண்டு. போனஸ் கைக்கு வரும் முன்பே, அதையோ அதில் ஒரு பகுதியையோ 'சாலரி சேக்ரிஃபைஸ்' முறையில் பென்ஷனில் போடச் சொல்லலாம். அந்தத் தொகை சம்பளக் கணக்கிலேயே வராது என்பதால் கல்விக்கடன் பிடித்தமும் இருக்காது. கம்பெனி இந்த வசதியை வைத்திருக்க வேண்டும். போனஸ் போடுவதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சம்பளத்திலிருந்து சாதாரணமாகப் பிடிக்கும் பென்ஷன் தொகைக்கு இந்தச் சலுகை இல்லை.

வரம்புகள் ஏப்ரலில் மாறக்கூடியவை. பிளான் 2 வரம்பு 2026 ஏப்ரல் முதல் 29,385 பவுண்டு. எனவே பி60 கைக்கு வந்ததும், அந்தந்த ஆண்டின் வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்தம் அதற்குக் கீழே இருந்தால், பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்க நீங்கள்தான் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும்.